கூட ஆள் இருக்கா?

அப்பாவைப் பாம்பு கடித்தபோது நான் சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. ஐப்பசி மாதம். நாலு நாள் விடாமல் பெய்த மழை அன்று காலையில்தான் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. நட்டுப் பத்து நாளான பயிர் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறதே என்று அப்பா விடிந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விடுப்பில் வந்தவனுக்கு வீட்டில் விருந்தாளி மரியாதை கிடைக்கும். அதை நான் நன்றாக அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

வடிகால் மடையில் புல்லும் செத்தையும் அடைத்திருந்தன. அப்பா கையை விட்டு இழுத்திருக்கிறார். வலது கை நடுவிரலில் கடி. நல்ல பாம்பு. படம் எடுத்ததை அவரே பார்த்திருக்கிறார். மண்வெட்டியை வரப்பிலேயே போட்டுவிட்டு, துண்டால் கையைச் சுற்றிக்கொண்டு, ஓடாமல், நடந்தே வீட்டுக்கு வந்தார். ஓடினால் விஷம் சீக்கிரம் ஏறும் என்று கேள்விப்பட்டிருந்தாராம். வாசலில் வந்து நின்று, "பாம்பு கடிச்சிருச்சு. காருக்குச் சொல்லு," என்றார். சந்தைக்குப் போகக் கார் கேட்பவர் போலத்தான் இருந்தது குரல்.

அம்மா இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அடுத்த தெருவிலிருந்த தாய்மாமன் சத்தம் கேட்டு ஓடிவந்தார். ஊரில் இருந்த ஒரே வாடகைக் கார் ஒரு பழைய அம்பாசிடர். அதை வரவழைத்து அப்பாவைப் பின் சீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார வைத்தோம். தெருவே கூடிவிட்டது. ஆனால் கூடியவர்களில் ஆளைத் தூக்கிப் பிடிக்கத் தெம்பான ஆண் என்று நான் ஒருவன்தான் இருந்தேன். என் வயதுக்காரர்கள் எல்லோரும் சிங்கப்பூரிலோ குவைத்திலோ திருப்பூரிலோ இருந்தார்கள். அப்போது அதை நான் கவனிக்கவில்லை.

டவுனுக்குப் பதினெட்டு கிலோமீட்டர். மழையில் சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தது. பாதி வழியில் அப்பாவின் இமைகள் தாமாக இறங்க ஆரம்பித்தன. தூக்கம் வருவதாகச் சொன்னார். மாமா அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். டவுனுக்குள் நுழையும் இடத்தில் புதிதாக ஒரு தனியார் ஆஸ்பத்திரி வந்திருந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, வரவேற்பில் ஒரு பெண், அவளுக்குப் பின்னால் ஒரு மீன் தொட்டி. வெளிநாட்டுப் பணம் வரத் தொடங்கிய பிறகு எங்கள் பக்கத்தில் இப்படி நிறைய முளைத்தன. காரை அங்கேதான் நிறுத்தச் சொன்னேன். வெளிநாட்டில் சம்பாதிக்கும் மகன் அப்பாவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது ஒரு குறைச்சல் என்று எனக்குப் பட்டது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

அங்கிருந்த டாக்டர் கார்வரைக்கும் இறங்கி வந்து பார்த்தார். அப்பாவின் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, விஷமுறிவு மருந்து தங்களிடம் இல்லை, மூச்சு நின்றால் சமாளிக்கவும் வசதியில்லை, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றார். எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை என்று நான் சொன்னேன்.

"பணத்தப் பத்தி இல்லைங்க. நேரம் போவுது. கெளம்புங்க," என்றார் அவர்.

அரசு ஆஸ்பத்திரி எந்த ஊருடையது என்று நான் எழுதப்போவதில்லை. அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் எந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போயிருந்தாலும் ஏறக்குறைய இதைத்தான் பார்த்திருப்போம் என்று நினைக்கிறேன். நீளமான ஒரே அறை. இருந்த கட்டில்கள் எல்லாம் நிரம்பி, இரண்டு கட்டில்களுக்கு நடுவே தரையில் பாய் விரித்தும் ஆட்கள் படுத்திருந்தார்கள். ஒரு டாக்டர். ஒரு நர்ஸ். அப்பாவை ஸ்ட்ரெச்சரிலேயே கதவோரமாக நிறுத்தினோம். நர்ஸ் ஓடிவந்து கையைப் பார்த்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், கண்ணாடிக் காம்பில் நூல் சுற்றியிருந்தார். முதலில் கேட்டது பாம்பைப் பற்றி இல்லை.

"கூட ஆள் இருக்கா?"

நானும் மாமாவும் இருக்கிறோம் என்றேன். நல்லது, போய்விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு மருந்து எடுக்கப் போனார். தனியார் ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்து அங்கே அலமாரியில் இருந்தது. டாக்டர் வந்து பார்த்து, எத்தனை பாட்டில் ஏற்ற வேண்டும் என்று சொன்னார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்திருந்தது. அப்பாவைக் கழுத்தைத் தூக்கச் சொன்னார். அப்பாவால் முடியவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார். பாதிதான் வந்தது. டாக்டர் திரும்பி வேகமாக நடந்தார்.

அதே நேரத்தில் வாசலில் பெரிய சத்தம். நடவுக்குப் பெண்களை ஏற்றிப்போன ஒரு டிராக்டர் வாய்க்கால் கரையில் கவிழ்ந்துவிட்டது. சேறும் ரத்தமுமாக ஏழெட்டுப் பெண்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் அவர்களுக்குள் புகுந்து போவதைப் பார்த்தேன். திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவது குறைந்துகொண்டே வந்தது. வாயோரத்தில் எச்சில் வழிந்தது. எனக்கு அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை. ஓடிப்போய் டாக்டரின் சட்டையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்தேன். எங்கப்பாவை விட்டுட்டு எங்கே போகிறாய் என்று ஏக வசனத்தில் கத்தினேன். மேல் பொத்தான் பிய்ந்து என் கையோடு வந்துவிட்டது.

அவர் கத்தவில்லை. என் கையையும் தட்டிவிடவில்லை.

"உங்கப்பாவுக்குக் குழாய் போடத்தான் சாமான் எடுக்கப் போறேன். அது அந்த அலமாரியில இருக்கு. நீங்க விட்டீங்கன்னா எடுத்துடுவேன்."

விட்டேன். அவர் போய் எடுத்துவந்தார். சட்டை திறந்து கிடக்க, குனிந்து அப்பாவின் தொண்டைக்குள் குழாயை இறக்கினார். இரண்டு தடவை முயன்று மூன்றாவது தடவைதான் இறங்கியது. குழாயின் முனையில் ஒரு கருப்பு ரப்பர் பையை மாட்டி அழுத்தினார். அப்பாவின் நெஞ்சு மேலே எழும்பியது. நர்ஸ் என்னை நிமிர்ந்து பார்க்காமலே, அவர் நேற்றுக் காலையில் வேலைக்கு வந்தவர், மாற்ற வேண்டிய டாக்டர் இன்னும் வரவில்லை என்றார்.

டாக்டர் பையை என் கையில் கொடுத்தார். மனத்துக்குள் நாலு வரை எண்ண வேண்டும். ஐந்தாவதுக்கு அழுத்த வேண்டும். அவசரப்படக் கூடாது, நிறுத்தவும் கூடாது. நெஞ்சு எழும்புகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். மூச்சு விட வைக்கும் மெஷின் அந்த வார்டில் ஒன்றே ஒன்று இருந்தது. மாரடைப்பு வந்த ஒரு பெரியவருக்கு அதைப் போட்டிருந்தார்கள். இன்னொன்று மாடியில் பழுதாகிக் கிடந்தது. அதனால் கையால்தான்.

"எவ்வளவு நேரம் டாக்டர்?"

"அவரே மூச்சு விடற வரைக்கும். சாயங்காலம் ஆகலாம், நாளைக்கும் ஆகலாம்."

போகத் திரும்பியவர் நின்று, இன்னொன்றும் சொன்னார். "இந்த விஷம் உடம்பத்தான் கட்டிப் போடும். காது கேக்கும், புத்தி தெளிவா இருக்கும். கண்ணத் திறக்க முடியாது, அவ்வளவுதான். அதனால பக்கத்துல நின்னு என்ன பேசறோம்னு பாத்துப் பேசுங்க."

மாமாவுக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. அப்பாவின் கையைத் தூக்கி விட்டுப் பார்த்தார். தொப்பென்று விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து என் காதோரம் வந்து, ஆனால் காதோரத்துக்கு ஏற்ற குரலில் இல்லாமல், முடிந்துவிட்டது மாப்பிள்ளை, இவர்கள் நம்மை ஏமாற்றுகிறார்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்றார். நான் நாலு எண்ணிக்கொண்டிருந்தேன். பதில் சொன்னால் எண்ணிக்கை போய்விடும். முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினேன். மாமா வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தார். பிறகு அவரும் பையைப் பிடித்தார். ஆனால் அவருக்குக் கை நடுங்கும். சர்க்கரை வியாதிக்காரர். பத்து நிமிடத்துக்குமேல் அவரால் முடியவில்லை.

எங்கள் ஸ்ட்ரெச்சருக்கு அடுத்த கட்டிலில் ஒரு பெண் இருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள்தான். அவளுக்கும் தொண்டையில் குழாய், குழாயில் கருப்புப் பை. பையை அழுத்திக்கொண்டிருந்தவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு முஸ்லிம் கடைக்காரர். வாய்விட்டே எண்ணினார். அவர் எண்ணுவதைக் கேட்டுக்கேட்டு என் எண்ணிக்கையும் அவருடையதோடு சேர்ந்துகொண்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இருவரும் ஒன்றாக அழுத்தினோம்.

உங்கள் மகளா என்று கேட்டேன். இல்லை என்று எரிச்சலாகச் சொன்னார். பத்து வருடம் சவூதியில் இருந்துவிட்டு வந்து, டவுனை ஒட்டிய ஓர் ஊரில் மளிகைக் கடையும் அதோடு ஒரு எஸ்.டி.டி. பூத்தும் வைத்திருந்தார். காலையில் கடையைத் திறந்ததும் இந்தப் பெண் பூத்துக்குள் போய்த் சவூதியில் தம்மாமில் இருக்கும் புருஷனுக்குப் போன் போட்டிருக்கிறாள். வாரம் ஒரு தடவை வருபவள்தான், முகம் தெரியும். அன்று பயிருக்கு அடிக்கும் மருந்தை வீட்டிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறாள். மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. கண்ணாடிக் கதவில் சாய்ந்தபடியே சரிந்துவிட்டாள். அவர் தன்னுடைய சரக்கு வேனில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே கிடத்தித் தூக்கி வந்திருந்தார். வீட்டில் கிழ மாமியாரும் மூன்று வயதுக் குழந்தையும்தானாம்.

"நாளைக்கு போலீசு எங்கிட்டதான் வரும். எம் பூத்துல விழுந்தா, கொண்டாந்த ஆளுன்னு இங்கயும் எம் பேருதான் எழுதியிருக்கு. ஏங்க இந்த வேலை எனக்கு?" என்றார். இதைச் சொல்லும்போதும் கை நிற்கவில்லை.

அவள் ஏன் குடித்தாள் என்று அவர் ஊகம் எதையும் சொல்லவில்லை. நான் கேட்டபோது, அது அவளுக்குத்தான் தெரியும், எழுந்தால் சொல்லட்டும் என்று முடித்துவிட்டார்.

மத்தியானம்வரை அப்படியே போனது. கட்டை விரலின் அடியில் கொப்புளம் வந்து உடைந்தது. கையை மாற்றி மாற்றி அழுத்தினேன். அந்த நேரத்தில்தான் அந்த அறையை முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கத்திக்கொண்டு உள்ளே வந்தபோது பார்க்கவில்லை. ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஒருவர் எதையாவது பிடித்துக்கொண்டு நின்றார். ஒருத்தி குளுக்கோஸ் பாட்டிலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாள், மாட்டுவதற்குக் கம்பி இல்லை. கால் உடைந்த நடவுப் பெண்ணின் காலை இன்னொரு நடவுப் பெண் மடியில் வைத்துப் பிடித்திருந்தாள், அவள் நெற்றியிலேயே ரத்தம் காய்ந்திருந்தது. எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போவதும், ரத்தம் எடுத்த குழாயை லேபுக்குக் கொண்டு ஓடுவதும், பக்கெட்டில் தண்ணீர் பிடித்துவருவதும் எல்லாமே கூட வந்த ஆட்கள்தான். இரண்டு சம்பளக்காரர்கள் அந்த அறையை நடத்தவில்லை. கூட வந்தவர்களின் கைகளை வைத்துக்கொண்டு ஒரு டாக்டரும் ஒரு நர்ஸும் சமாளித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையதாகவும் வயதானவர்களுடையதாகவும் இருந்தன. எங்கள் தெருவில் காரைச் சுற்றி நின்ற கூட்டம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாங்கள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பினோம், வீட்டைக் கட்டினோம், கண்ணாடிக் கதவு வைத்த ஆஸ்பத்திரிகள் எங்களை நம்பி வந்தன. ஆனால் நெஞ்சு நின்றுபோகும் நேரத்தில் ஒரு ரப்பர் பையை அழுத்த ஊரில் ஆள் இல்லை. நான் விடுப்பில் வராமல் இருந்திருந்தால், கை நடுங்கும் மாமாதான் இங்கே நின்றிருப்பார். பத்து நிமிடத்துக்குப் பிறகு என்ன ஆகியிருக்கும் என்பதை அன்றைக்கும் யோசிக்கப் பயமாக இருந்தது, இன்றைக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

இரண்டு மணிவாக்கில் மெஷினில் இருந்த பெரியவர் இறந்துபோனார். அவருடைய ஆட்கள் அழுதுகொண்டே அவரைக் கொண்டுபோனார்கள். நான் வெட்கமில்லாமல் மெஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் அதைத் துடைக்கச் சொல்லி, எங்கள் பக்கம் தள்ளிவரச் சொன்னார். என் கை வலி பாதி குறைந்ததுபோல இருந்தது. அவர் அதை அந்தப் பெண்ணின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார்.

எங்கப்பாவுக்குப் போடுங்கள் என்றேன். காலையில் கத்திய குரலில் இல்லை, கெஞ்சலாகத்தான் கேட்டேன். அவர் மெஷினை மாட்டிக்கொண்டே பதில் சொன்னார். பாம்பு விஷம் மருந்துக்கு இறங்கிவிடும், சாயங்காலத்துக்குள் அப்பாவே மூச்சு விடுவார் என்று நம்புவதாகச் சொன்னார். பூச்சி மருந்து குடித்த அந்தப் பெண்ணுக்கு நாலைந்து நாள் ஆகுமாம்.

"அவளுக்கு நாலு நாள் யாரு அழுத்துவா? பாய் எத்தனை நேரம் நிப்பாரு? உங்கப்பாவுக்கு நீங்க இருக்கீங்க."

"உங்கப்பாவா இருந்தா இப்படிச் செய்வீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் குழாயை மாட்டி முடித்து, மெஷின் ஓடுகிறதா என்று பார்த்தார். பிறகு, "தெரியல," என்றார். "செய்வேன்னு சொல்லணும். ஆனா தெரியல."

அந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. செய்வேன் என்று சொல்லியிருந்தால் இன்னும் சண்டை போட்டிருப்பேன். மனதார விட்டுக்கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். மாலைவரை அந்த மெஷின் ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அது எங்களுடையது என்றே தோன்றிக்கொண்டிருந்தது. கையை எடுக்க முடியாததால் நின்றேன், அவ்வளவுதான்.

பையிலிருந்து விடுபட்ட கடைக்காரர் முதுகை இரண்டு தடவை வளைத்து நிமிர்த்தினார். கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். என்னிடம் வந்து பையை வாங்கிக்கொண்டு, போய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வா தம்பி, கடை எப்படியும் இன்று கெட்டுவிட்டது என்றார். நான் இரண்டு இட்லி தின்றுவிட்டு வருவதற்குள் அப்பாவுக்கு அவர்தான் மூச்சுக் கொடுத்தார். வந்தபோதும் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் கூட்டம் கொஞ்சம் தணிந்தது. மாமா வெளியே பெஞ்சில் தூங்கிவிட்டார். அப்பாவுக்குக் காது கேட்கும் என்று டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டேன். பயந்துபோய்க் கிடப்பாரே, ஏதாவது பேசுவோம் என்று ஆரம்பித்தேன். முதலில் மழை நின்றதைச் சொன்னேன். வெளியூரில் கட்டிக்கொடுத்த அக்காவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறோம் என்றேன். அதற்குப் பிறகு சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது. அப்பாவும் நானும் நேருக்கு நேர் அதிகம் பேசியவர்கள் இல்லை. எண்ணிக்கைக்கும் எண்ணிக்கைக்கும் நடுவே, ஒரு வாக்கியம், ஓர் அழுத்து, ஒரு வாக்கியம், ஓர் அழுத்து என்று, மூன்று வருடமாக மறைத்திருந்ததைச் சொன்னேன்.

கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர் என்று நான் எழுதியிருந்தேன். அப்பா ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் நான் கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கித் துரு சுரண்டுகிறவன். ஏஜென்ட் சொன்ன வேலை அங்கே இல்லவே இல்லை. போய் இறங்கிய மறுநாளே தெரிந்துவிட்டது, திரும்ப வழியில்லை. விடுப்பு முடிந்ததும் அதே தொட்டிக்குள்தான் இறங்கப் போகிறேன். இதைச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். அப்பாவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கண்ணோரம் ஈரமாக இருந்தது. ஆனால் இமையை அசைக்க முடியாதவர்களுக்குக் கண்ணில் நீர் வருவது சகஜம் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். அதனால் எதற்கான நீர் என்று எனக்குத் தெரியாது.

ஐந்தரை மணிக்கு நான் அழுத்துவதற்கு முன்பே அவர் நெஞ்சு லேசாக எழும்பியது. கண்ணின் ஏமாற்று என்று நினைத்தேன். அடுத்த தடவையும் எழும்பியது. டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் அப்பாவின் காதில் குனிந்து, இடது கை விரலை அசையுங்கள் என்றார். அசைந்தது. டாக்டர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். அவரை மாற்ற வேண்டியவர் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். ஆனாலும் அப்பாவின் மூச்சை இன்னும் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் இவர் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் குழாயை எடுத்தார்கள். தொண்டை புண்ணாகி, அப்பாவின் குரல் காற்றாகத்தான் வந்தது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, "அந்தப் பொண்ணு எப்படியிருக்கு?" என்று கேட்டார். அவர் அவளைப் பார்த்ததே இல்லை. திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். பார்த்தார். எண்ணிக்கொண்டிருந்த பாய் எங்கே என்று அடுத்துக் கேட்டார். அவர் போய்விட்டார் என்றேன். அப்படியானால் எல்லாமே கேட்டிருக்கிறது. மாமா அந்தப் பக்கமாக நகர்ந்து வெளியே போய்விட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று அவர் சொன்னதைப் பற்றி அப்பா கடைசிவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் மாமா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார், கூரையைப் பார்த்துத்தான் பேசுவார்.

அந்தப் பெண் பிழைத்தாள். எட்டு நாள் கழித்து மெஷினை எடுத்தார்கள். கடைக்காரர் நாலாம் நாள் அவளுடைய குழந்தையையும் மாமியாரையும் வேனில் கொண்டுவந்து காட்டினார். தம்மாமிலிருந்து புருஷன் வந்து சேர்ந்தபோது நாங்கள் வார்டை விட்டு வந்துவிட்டோம். ஏன் குடித்தாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்பாவின் நடுவிரலில் சதை அழுகி, முதல் கணுவோடு எடுக்க வேண்டியிருந்தது. மற்றபடி உடம்பு தேறிவிட்டது. வீட்டுக்கு வந்தவரைப் பார்க்க ஊரே வந்தது. வந்தவர்களில் ஒருவர், நல்ல வேளை சூப்பர்வைசர் ஊரில் இருந்தார் என்றார். அப்பா, "கப்பல்ல வேலை பாக்கிறான்," என்று மட்டும் சொன்னார். நான் சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றது. இரண்டு நாள் கழித்து, கட்டுப் போட்ட விரலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தவர், என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தத் தொட்டிக்குள்ள காத்து வருமா?"

பெரிய குழாய் வைத்து ஃபேன் போட்டுக் காற்று விடுவார்கள், வரும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

நான் திரும்பிப் போவதற்கு நாலு நாள் இருக்கும்போது, விரலுக்குக் கட்டு மாற்ற அப்பாவை அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவசரப் பிரிவுக்குப் போனேன். டாக்டர் பிளாஸ்க் மூடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்லி, சட்டையைப் பிடித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நாளாக மனத்துக்குள் தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகள். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"டிராக்டர் கவுந்த அன்னிக்கா? பாம்புக்கடி ஞாபகம் இருக்கு. சட்டையப் புடிச்சது ஞாபகம் இல்லைங்க. நெறைய பேர் புடிக்கிறாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது. நான் தூக்கம் கெட்டு நினைத்துக்கொண்டிருந்தது அவருக்கு எத்தனையோ நாட்களில் ஒரு நாள். விரல் எப்படியிருக்கிறது என்று விசாரித்தார். சொன்னேன். வணக்கம் சொல்லிக் கிளம்பியவனை அவரே கூப்பிட்டார்.

"இன்னிக்கு உங்களுக்கு வேற வேலை இருக்கா?"

பஸ் நிலையத்தில் விழுந்து கிடந்த ஒரு பெரியவரை யாரோ ஆட்டோவில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. மெஷினில் வேறொருவர் இருந்தார். காலையிலிருந்து நர்ஸும் துப்புரவுப் பணிப்பெண்ணும் மாற்றி மாற்றிப் பையை அழுத்திக்கொண்டிருந்தார்கள், வேறு எந்த வேலையும் நடக்கவில்லை. நான் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர், "போ. நான் உக்காந்திருக்கேன்," என்றார்.

பத்தரை மணிக்குப் பையை வாங்கினேன். பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். நகங்களில் பச்சைக் கறை இருந்தது, கீரையோ வெற்றிலையோ விற்றவராக இருக்கலாம். அவர் நெஞ்சு எழும்புவதைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். அவருக்குக் காது கேட்குமா என்று தெரியாது. கேட்டால் இருக்கட்டும் என்று, மழை இல்லை, வெயில் அடிக்கிறது, பஸ் நிலையத்தில் கூட்டம் அதிகம் என்று கொஞ்சம் பேசினேன். பெயர் தெரியாததால் ஐயா என்று கூப்பிட்டேன். மத்தியானம் அப்பா டீ வாங்கி அனுப்பினார்.

மூன்று மணிக்கு டாக்டர் வந்து டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு போதும் என்றார். எனக்குக் கேட்டது, ஆனால் கை அதன்பிறகும் இரண்டு தடவை அழுத்தியது. அவர் அவசரப்படுத்தாமல் நின்றார். நானாகப் பையைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன்.

வெளியே வந்ததும் அப்பா எழுந்து நின்றார். முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார் போலிருக்கிறது. அந்தப் பெரியவருக்கு யாராவது வந்தார்களா என்று கேட்டார். யாரும் வரவில்லை என்றேன். நாலு மணி பஸ்ஸில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. குலுக்கலில் இடிபடாமல் இருக்க, அப்பாவின் கட்டுப் போட்ட கையை ஊர் வரும்வரை என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன்.